பதிலைச் சொல்லாமல் பக்கத்தில் நிற்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் மராமத்து வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடக்கும். பாம்பன் கரையில் அப்போது நடந்து போனால் கரையேற்றிய படகுகளின் அடியில் ஒட்டிய, ஓடுள்ள சின்னக் கடலுயிர்களான கொட்டலசைச் சுரண்டுகிற சத்தமும் பெயிண்ட் வாசமும் கூடவே வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் என் அப்பாவிடம் தொழில் படித்தவர், எனக்கு அண்ணன் முறை. "சும்மா வேடிக்கை பாக்க வேணாம், ஆளுக்கு ஒரு வேலையா எடுங்க" என்று சொல்லிவிட்டார். உச்சிப்புளிப் பக்கத்து மாணவன் ஒருவனுக்குச் சுக்கானுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை வந்தது. கவனமாகத்தான் அடித்தான். சுக்கானில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த, சோப்புக்கட்டி அளவு உலோகத் துண்டையும் விடவில்லை. ஓரம் இடுக்கு எல்லாம் நிரவி முடித்தான். அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து, அந்தத் துண்டின் மேலிருந்த பெயிண்டை மட்டும் உலோகம் தெரியும்வரை சுரண்டினார்.

"இது என்னன்னு தெரியுமா தம்பி?"

"தெரியலண்ணே."

"ஜிங்க்கு. இது தேஞ்சாத்தான் சுக்கானும் ஷாஃப்ட்டும் பிழைக்கும். இதுக்குப் பெயிண்ட் அடிச்சா இது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அந்தப் பையன் முதலாண்டு வேதியியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். எந்த உலோகம் முதலில் கரையும் என்று காட்டுகிற மின்வேதி வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்: ஜிங்க் என்கிற துத்தநாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44, செம்பு +0.34. துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும் முறைக்குத் தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறான். அந்தப் படத்தில் இருந்த பொருள்தான் இப்போது அவன் கையில் பெயிண்டோடு இருக்கிறது. அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டினார். "டீச்சரம்மா, நீங்க சொல்லாதீங்க. நான் இங்கதான இருக்கேன், அவனே யோசிக்கட்டும்."

அவர் ஷாஃப்ட் வேலையைத் தொடர்ந்தார். பையன் படகு நிழலில் உட்கார்ந்து மணலில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நடுவில் எழுந்துவந்து "புரொப்பல்லர் என்ன உலோகம்ணே?" என்று கேட்டான். "வெங்கலம்." மறுபடி போய் உட்கார்ந்தான். இருபது நிமிடம் இருக்கும். ஓடி வந்தான். "மேம், இது பேட்டரி மேம். வெங்கலம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், நடுவுல உப்புத்தண்ணி. படகே ஒரு பேட்டரி. ஜிங்க் இல்லேன்னா இரும்புதான் கரையணும்."

பதினேழு வருட ஆசிரியர் வேலையில் அந்த இருபது நிமிடம் எனக்குப் பெரிய பாடம். நான் அன்று விளக்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், அவனும் தலையாட்டியிருப்பான். அடுத்த மாதம் மறந்திருப்பான்.

அதோடு அவன் விடவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு தாளோடு வந்தான். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர் இதே வேலையைப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்குச் செய்து பார்த்தாராம். மரக்கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு அரிக்காமல் இருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். அரிப்பு நின்றது. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்ததால்தான் அதுவரை கொட்டலசு ஒட்டாமல் இருந்திருக்கிறது. கரைவது நின்றதும் கப்பலடி முழுக்கக் கொட்டலசு, வேகமும் குறைந்துவிட்டது. "ஒரு பிரச்சினையை முடிச்சா இன்னொண்ணு வந்துருது மேம்" என்றான். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத விஷயம், நான் தேடச் சொல்லவும் இல்லை.

பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 'வாழ்நாள் கற்றல்' என்ற சொல் நன்றாகப் பழக்கம். 2014-இல் இந்தியா, பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனது. அதற்கேற்பத் தேசிய அங்கீகார வாரியம் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய பண்புகளாகப் பன்னிரண்டைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் பன்னிரண்டாவதாக இது இருந்தது. ஒவ்வொரு பாடமும் எந்தப் பண்பை எவ்வளவு வளர்க்கிறது என்று 1, 2, 3 போட்டு அட்டவணை நிரப்ப வேண்டும். நானும் பல வருடம் அந்தக் கட்டத்தில் 3 போட்டிருக்கிறேன். அந்த 3-க்காக வகுப்பில் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. படகடியில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் எங்கே தொடங்குவது என்று பிடிபட்டது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சின்ன டீசல் எஞ்சின் காலத்தில் தொழிலுக்கு வந்து, பிறகு விசைப்படகுகளுக்கு லேலண்ட் எஞ்சின்கள் வந்தபோது அதையும் பழகினார். ஒவ்வொரு புது எஞ்சினுக்கும் கூட வருகிற ஆங்கிலக் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். ராத்திரி சாப்பிட்ட பிறகு அகராதியை வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படிப்பார். ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறிப்பு. அது போக ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருந்தார். எந்தப் படகு, என்ன சத்தம், நான் என்ன நினைச்சேன், பிரிச்சுப் பாத்தா என்ன இருந்துச்சு. இந்த நான்கும்தான் அதில் இருக்கும். நினைத்தது தப்பாகப் போன இடங்களில் கோடு போட்டிருப்பார். எழுபது வயது தாண்டியும் அந்த நோட்டில் எழுதினார்.

மாணவர்களுக்கு நான் கொண்டுவந்த 'தெரியாத நோட்டு' அப்பாவின் நோட்டுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று. வாரம் ஒரு பக்கம். எனக்கு எது தெரியவில்லை, என்னவாக இருக்கும் என்று நினைத்தேன், எங்கே தேடினேன் அல்லது யாரைக் கேட்டேன், இப்போது என்ன புரிந்தது, இன்னும் எது புரியவில்லை. இவ்வளவுதான் எழுத வேண்டும். பாடத்தில் இருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. ஒரு மாணவி, மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கிறபோது பாக் நீரிணைப் பக்கம் ஏன் குளம் மாதிரி கிடக்கிறது என்று எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் ஆண்கடல், பெண்கடல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவள் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள், வடகிழக்குக் காற்று வீசும் மாதங்கள், ராமேஸ்வரம் தீவு நடுவில் தடுப்பாக நிற்பது என்று ஐந்து வாரம் தொடர்ந்து எழுதினாள். வாடைக்காலம் வந்தால் 'பெண்கடல்தான்' சீறும் என்பதைத் தன் மாமாவிடம் கேட்டு எழுதினாள்.

இந்த நோட்டை நடத்துவதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தொடங்கினால் உதவும். முதல் வருடம் அறுபது நோட்டையும் வாராவாரம் திருத்தப் பார்த்தேன். மூன்றாவது வாரமே முடியாமல் போனது. இப்போது வாரம் பதினைந்துதான் படிக்கிறேன், சுழற்சி முறையில். சரி, தப்பு என்று டிக் போடுவதில்லை. கீழே ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மதிப்பெண் போட்ட பருவத்தில் எல்லாரும் இணையத்தில் இருந்து அழகான கேள்விகளை எடுத்து எழுதினார்கள். மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, எழுதி வந்தாலே போதும் என்று சொன்ன பிறகுதான் 'மல்டிமீட்டர்ல எந்த ஓட்டையில எந்த ஒயர்னு இன்னும் எனக்குத் தெரியாது' என்று மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதினான். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனசு நிறைந்தது. தெரியவில்லை என்று பயமில்லாமல் எழுத வந்துவிட்டால் பாதி தூரம் வந்தாகிவிட்டது.

அடுத்து, பாடத்திட்டத்தில் ஒரு பகுதியை நடத்தாமல் விடுவது. கேட்டதும் சக ஆசிரியர்கள் பதறினார்கள். முழு அலகையும் விடச் சொல்லவில்லை. ஐந்தாவது அலகில் ஒரு சின்னத் தலைப்பு, நாலைந்து பக்கம். இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுவேன்: இதை நான் நடத்தப் போவதில்லை, நீங்கள் படித்து வந்து எனக்கு நடத்த வேண்டும். முதல் தடவை வகுப்பே மௌனம். இரண்டு பேர் எழுந்து கைடு புத்தகத்தை அப்படியே ஒப்பித்தார்கள். தப்பு என்னுடையதுதான் என்று அப்புறம் புரிந்தது. நடத்தாமல் விட்டேனே தவிர, எப்படிப் படிப்பது என்று காட்டித் தரவில்லை. விட்டுவிடுவதும் பக்கத்தில் நிற்பதும் வேறு வேறு. அண்ணன் அன்று பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. புரொப்பல்லர் என்ன உலோகம் என்று கேட்டபோது உடனே சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பு நேரத்தை இதற்கே ஒதுக்குகிறேன். பம்ப் ஒன்றின் கையேட்டை நகலெடுத்துக் கொடுத்து, திறப்பதற்கு முன்பு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று கேள்வி எழுதச் சொல்வேன். பிறகு பொருளடக்கம், படம், அட்டவணை, கடைசியில் தேவைப்பட்டால்தான் முழு வாசிப்பு. கையேட்டை முதல் பக்கத்தில் தொடங்கிக் கதைப்புத்தகம் மாதிரி வாசிக்க வேண்டும் என்று நினைத்துப் பயந்து ஓடுகிற பிள்ளைகள் நிறைய. கேள்வியோடு போனால் எண்பது பக்கக் கையேட்டில் மூன்று பக்கம் போதும் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

மொழி விஷயம் இங்கே ரொம்பப் பெரியது. சாயல்குடி, கமுதி, திருவாடானைப் பக்கமிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனாலும் எங்கள் வகுப்பறை ஆங்கிலவழிதான். முன்பெல்லாம் நானும் 'ஆங்கிலத்தில் சொல்' என்றுதான் கேட்டேன். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் மனப்பாடம் வரும், சந்தேகம் வராது. சந்தேகம் கேட்கத் தாய்மொழி வேண்டும். இப்போது முதலில் தமிழில் விளக்கச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அத்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால், பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதுவது மொழிபெயர்ப்பு வேலை மட்டும்தான், அதைப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம். நாளைக்கு வேலைக்குப் போன இடத்தில் தானே படிக்க ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அதில் நான் சமரசம் செய்வதில்லை. வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

இணையப் படிப்புகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். அருமையான சொத்து. மண்டபம் மாதிரி ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேராசிரியர்களின் வகுப்பைக் கேட்க முடிவது சாதாரண விஷயமா? ஆனால் ஆளுக்கு இத்தனை சான்றிதழ் என்று கணக்கு வைத்த வருடம், பிள்ளைகள் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுவிட்டு, விடைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். மறு வருடம் நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு படிப்பு என்று வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒருவர் மற்ற மூவருக்குச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் பழைய பாடத்தில் இருந்து ஒரு கேள்வி கேட்பேன். மறதி எப்படிச் சரிகிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவிட்டார். திரும்ப நினைவுக்குக் கொண்டுவரக் கொண்டுவரத்தான் தங்கும். பாதிப் பேர் சான்றிதழ்த் தேர்வே எழுதவில்லை, எனக்கு அதில் வருத்தமில்லை. எழுதிய பாதிக்கு அந்தப் பாடம் உண்மையில் தெரிந்திருந்தது.

கருவாட்டுக் கதைக்கு வருகிறேன். இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் மீன் உலர்த்த ஒரு சூரிய உலர்த்தி செய்தார்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்த தகடு, மேலே பாலிகார்பனேட் ஷீட், ஒரு சின்ன விசிறி. தங்கச்சிமடத்தில் கருவாடு போடுகிற பெண்களிடம் கொண்டுபோய் வைத்தோம். மத்தியானம் உள்ளே 68 டிகிரி. பையன்களுக்கு ஒரே சந்தோஷம், மணல்வெளியில் இரண்டு மூன்று நாள் காய்கிறது இங்கே ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று. சாயங்காலம் ஒரு அம்மா சூடை மீன் ஒன்றை எடுத்து, முதுகில் கட்டை விரலால் அழுத்தி, நடுவில் ஒடித்துக் காட்டினார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே ஈரம், சதை வெந்து வெளுத்திருந்தது. "இது கருவாடு இல்ல தம்பி, வெந்து போச்சு. மேல காஞ்சு, உள்ள அழுகும். நாலு நாள் தாங்காது."

பையன்கள் வாதாடினார்கள், சூடு கூடினால் சீக்கிரம் காயத்தானே செய்யும் என்று. எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. "அந்த அம்மா சொன்னது சரின்னு வச்சுக்குவோம். அப்படின்னா உள்ள என்ன நடந்திருக்கணும்?" என்று மட்டும் கேட்டேன். ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்கள். மேற்பரப்பில் இருக்கிற ஈரம் வேகமாகப் போய்விடும், நடுச்சதையில் இருக்கிற ஈரம் மெல்ல ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும், மேல்தோல் முதலிலேயே இறுகிவிட்டால் அதற்கு வழி அடைபடும். இதை, பொருள் இடம்பெயர்வதைச் சொல்லும் மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் தேடிப் பிடித்தார்கள். சூட்டை 50-க்குக் கீழே இறக்கி, காற்றோட்டத்தைக் கூட்டினார்கள். அதே அம்மாவிடம் கொண்டுபோய் ஒடித்துக் காட்டச் சொன்னார்கள். "இப்ப பரவால்ல. உப்பு பத்தல" என்றார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அந்த ஐந்து வாரத்தால், மதிப்பெண் போடுகிற இரண்டாவது ஆய்வுக்கு (ரிவ்யூ) அவர்களிடம் காட்ட முடிந்த பொருள் எதுவும் இல்லை. மதிப்பெண் குறைந்தது. கடையில் வாங்கிய பாகங்களைப் பூட்டி வந்த இன்னொரு குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு பையன் என் முன்னால் அழுதுவிட்டான். கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு, கற்றுக்கொண்டதற்குத் தண்டனையும் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! அடுத்த வருடம் துறைக் கூட்டத்தில் சண்டை போட்டு ஒரு மாற்றம் கொண்டுவந்தேன். இரண்டாவது ஆய்வின் பாதி மதிப்பெண், 'முதல் ஆய்வுக்குப் பிறகு எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்' என்ற கேள்விக்கு. வேறு எதைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்று மற்ற கல்லூரி நண்பர்களிடமும் சொல்லிவருகிறேன். பேச்சு எப்படி இருந்தாலும் பிள்ளைகள் மதிப்பெண்ணைத்தான் நம்புவார்கள்.

கலாம் பிறந்த மண் என்பதால் எங்கள் மேடைகளில் அவர் பெயர் வராத நாள் இல்லை, வர வேண்டியதும்தான். ஆனால் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்ப்பது எங்களைத்தான். ஆசிரியர் படித்துக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் பட வேண்டும். பழைய பாம்பன் பாலத்தைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். 1914-இல் திறந்த பாலம், நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும் ஷெர்சர் தூக்குப் பகுதி, ஆட்கள் கையாலேயே நெம்பித் திறப்பார்கள். சின்ன வயதில் கரையில் நின்று பார்த்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மாணவி கேட்டபோது எனக்கு முழுதாகத் தெரியவில்லை. "எனக்கும் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள்ள நீயும் படி, நானும் படிக்கிறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் நான் வரைந்த படத்தில் எதிர்எடையை விட்டுவிட்டேன். அவள் எழுந்துவந்து வரைந்தாள். இரண்டு பக்கமும் எதிர்எடை தொங்குவதால் மோட்டார் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை, உராய்வையும் சின்ன எடை வித்தியாசத்தையும் சமாளித்தால் போதும் என்று வகுப்புக்கே விளக்கினாள். பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று படித்துவந்ததைச் சொன்னபோது பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "அப்ப அதுக்கு ஜிங்க் கட்டி வேணாமா மேம்?" அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி வகுப்பில் ஓடியது.

போன டிசம்பரில், கருவாட்டுக் குழுவில் அன்று அழுத பையன் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தான். தூத்துக்குடிப் பக்கம் குளிரூட்டிக் கிடங்கு ஒன்றில் வேலை. புதிதாக வந்த கம்ப்ரசரில் என்னவோ கோளாறு, மேலதிகாரி அவனிடம் விட்டுவிட்டார். படிக்கிற காலத்தில் அவன் எப்போதும் "மேம், இதுக்கு என்ன ஆன்சர்?" என்றுதான் கேட்பான். அன்று கேட்டது வேறு. "மேம், கையேட்டுல பிரஷர் அட்டவணை பாத்துட்டேன், வயரிங் படம் பாத்துட்டேன். ரெண்டு விதமா சந்தேகம் இருக்கு. ரெண்டுல எதுன்னு பிரிச்சுக் காட்ட எந்த ரீடிங்கை முதல்ல எடுக்கலாம்?"

எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. என்ன இரண்டு சந்தேகம் என்று கேட்டேன், அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பாதியிலேயே "சரி மேம், எனக்கே புரிஞ்சிருச்சு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். பதினொன்றரைக்கு ஒரு புகைப்படம் வந்தது: கிரீஸ் கறையோடு ஒரு நோட்டுப் பக்கம். என்ன சத்தம், நான் என்ன நினைச்சேன், பிரிச்சுப் பாத்தா என்ன இருந்துச்சு. முதலில் நினைத்ததன் மேல் ஒரு கோடு.